ஒரே ஊர், இரண்டு விலை: சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவரின் செலவுக் கணக்கு

சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்ற சேதி வந்ததும் வீட்டில் முதலில் நடப்பது பெருக்கல். மாதம் 7,000 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் நாலரை லட்சத்துக்கு மேல். (டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.) அந்த நாலரை லட்சம் சித்தப்பா, மாமா என்று ஒரு சுற்று சுற்றி வரும்போது ஐந்து லட்சம் ஆகியிருக்கும். பெருக்கியவர் எவரும் வீட்டு வாடகையைப் பெருக்கியிருக்க மாட்டார்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. இணையத்தில் தேடினால் உலகிலேயே விலைவாசி அதிகமான ஊர் என்று சிங்கப்பூர் வந்து நிற்கும். லண்டன் எகானமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 2023இல் வெளியிட்ட பட்டியலில் சிங்கப்பூரும் சூரிக்கும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க்கோடு பகிர்ந்துகொண்டது. மெர்சர் நிறுவனத்தின் 2024 பட்டியலில் ஹாங்காங் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாம் இடம். படித்தால், போவதா வேண்டாமா என்றே சந்தேகம் வரும்.

இந்தப் பட்டியல்கள் யாருக்காகப் போடப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். பன்னாட்டு நிறுவனங்கள் தம் அதிகாரிகளை வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கூடுதலாகக் கொடுக்கலாம் என்று கணக்கிட உதவும் ஆய்வுகள் இவை. மெர்சர் நியூயார்க்கை அளவுகோலாக வைத்து, 200க்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையை நகரத்துக்கு நகரம் ஒப்பிடுகிறது. எகானமிஸ்ட் பட்டியலில் சிங்கப்பூரை மேலே தள்ளும் காரணங்களில் கார், மது, துணிமணி எல்லாம் இருக்கின்றன. காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 முதல் அங்கே கார் வாங்க வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்தாண்டுதான் செல்லும். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. காருக்கான விலை அதற்குப் பிறகு. ஆனால் திருச்சியிலிருந்து போகிற மென்பொருள்காரர் கார் வாங்கப் போவதில்லை. எம்ஆர்டி ரயிலில் ஒன்றிரண்டு வெள்ளிக்கு வேலைக்குப் போய்விடுவார். அவருடைய செலவில் கார் என்ற வரியே கிடையாது.

அதற்காகச் சிங்கப்பூர் மலிவான ஊர் என்று சொல்லிவிட முடியாது. பட்டியல் அளப்பது வேறு, புதிதாகப் போகிறவருடைய பணம் கரையும் இடம் வேறு. என் பார்வையில் அங்கே இரண்டு விலைகள் ஓடுகின்றன. சாப்பாட்டுக் கடை, ரயில், மளிகை இவற்றில் எல்லோருக்கும் ஒரே விலை. வீடு, பள்ளி, மருத்துவமனை, பிள்ளை பார்ப்பு, மனைவியின் வேலை என்று வந்துவிட்டால், சட்டைப்பையில் இருக்கும் அட்டை என்ன அட்டை என்று பார்த்துத்தான் விலை. குடிமகனுக்கு ஒன்று, நிரந்தரவாசிக்கு ஒன்று, வேலை அனுமதியில் இருப்பவருக்கு ஒன்று.

எந்த அட்டை

பட்டதாரிகள் பெரும்பாலும் போவது எம்ப்ளாய்மென்ட் பாஸில், பேச்சில் ஈபி. 2025 ஜனவரி முதல் இதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு 10,700 வரை போகும். இருபத்தைந்து வயதில் தாராளமாக அனுமதி கிடைத்த சம்பளம், நாற்பதில் புதுப்பிக்கப் போகும்போது போதாமல் போகலாம். அதற்கு ஒரு படி கீழே எஸ் பாஸ். அதற்கும் கீழே கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகளுக்கான ஒர்க் பெர்மிட். தொழில் தேர்வில் தேறிப் போவதால் நம் ஊரில் ‘டெஸ்ட் அடித்துப் போவது’ என்பார்கள்.

டெஸ்ட் அடித்துப் போகிறவரின் கணக்கு அடியோடு வேறு. தங்குமிடம் முதலாளி பொறுப்பு, வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குச் செலுத்தும் தீர்வையும் முதலாளி கட்டுவது, குடும்பத்தைக் கூட்டிப் போக அனுமதியே இல்லை. அவருடைய பெரிய செலவு விமானம் ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது: முகவருக்குக் கொடுக்கும் பணம். சிங்கப்பூர் முகவர் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம், ஊரில் இருக்கும் முகவரையும் அவருக்குக் கீழே இருக்கும் துணை முகவரையும் அந்தச் சட்டம் எட்டாது. அந்தக் கடனை அடைப்பதிலேயே முதல் ஆண்டு போய்விடும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே ஈபிக்காரரோடு நிற்கிறேன்.

ஈபி இருந்தால் மட்டும் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. மனைவி, பிள்ளைகளுக்கான சார்ந்தோர் அட்டை வாங்க மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அப்பா, அம்மாவை நீண்ட காலம் வைத்துக்கொள்ள 12,000. 5,800 வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். சம்பளம் பேசும்போது 200 வெள்ளி பெரிய விஷயமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 200தான் குடும்பம் சேர்ந்து வாழ்வதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

வாடகை

செலவில் பாதியை விழுங்குவது இது. சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் வீவக, அதாவது 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் சொந்த வீடு. குடிமக்களுக்குப் புது வீடு மானிய விலையில் கிடைக்கும். மாதத் தவணையை, நம் ஊர் பி.எஃப். போன்ற மத்திய சேம நிதியிலிருந்தே கட்டலாம். பக்கத்து மேசையில் அதே 7,000 வெள்ளி வாங்கும் உள்ளூர்க்காரர், வீட்டுக்காகக் கையிலிருந்து ரொக்கமாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காமல் இருக்கலாம். புதிதாக வந்தவர் அதே புளோக்கில் மாதம் 3,000 வெள்ளி வாடகை கொடுப்பார். ‘அவன் எப்படிச் சமாளிக்கிறான்?’ என்று அலுவலகத்தில் ஆச்சரியப்படுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிப்பதில்லை.

அந்த 3,000 எப்படி வந்தது என்பதற்குச் சமீபத்திய வரலாறு உண்டு. கோவிட் காலத்தில் கட்டுமானம் நின்றது. புது வீட்டுக்குக் காத்திருந்த உள்ளூர்க்காரர்களும் வாடகைக்கு வீடு தேடினார்கள். எல்லை திறந்ததும் வெளிநாட்டவர் மொத்தமாகத் திரும்பினார்கள். 2022இல் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது. ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப் போனவரிடம் வீட்டுக்காரர் ஒரேயடியாக ஆயிரம் வெள்ளி கூட்டிக் கேட்ட காலம் அது. 2024இல் ஏற்றம் நின்றது. ஆனால் ஏறிய இடத்திலேயே நின்றதுதான் சிக்கல்.

வீடு தேடும்போது தெரிந்திருக்க வேண்டியவை சில. விளம்பரத்தில் ‘4 அறை வீடு’ என்றால் படுக்கையறை மூன்று, கூடம் ஒன்று. வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. தனியார் வீடு என்றால் மூன்று மாதம். வீவக வீடுகளில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு, மலேசியரைத் தவிர்த்து, ஒதுக்கீட்டு உச்சவரம்பு இருக்கிறது: ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு. அந்த அளவு நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் மனம் வைத்தாலும் முழு வீட்டை இந்தியருக்கு விட முடியாது. மனம் வைக்காத வீட்டுக்காரர்களும் உண்டு. இந்தியர் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்வது விளம்பரங்களில் குறைந்திருக்கிறது, வீட்டு முகவர்களுக்கான விதி அதைத் தடுக்கிறது; தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் ‘வீடு போய்விட்டது’ என்பது குறையவில்லை. மசாலா வாசனை என்ற காரணம் எப்போதும் தயாராக இருக்கும். அறை வாடகைக்கு எடுப்பவருக்கு ‘லைட் குக்கிங்’ என்ற நிபந்தனை வரும். நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம், சாம்பார் தாளிக்க முடியாது என்று பொருள். தாளிக்க முடியாதவர் மூன்று வேளையும் வெளியே சாப்பிடுவார். வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

முதல் நாள் கையில் எவ்வளவு வேண்டும்? 3,000 வெள்ளி வாடகைக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வாடகை முன்பணம் 3,000. இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு வழக்கமான வைப்புத்தொகை இரண்டு மாத வாடகை, அதாவது 6,000. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையான 72,000இல் 0.4 விழுக்காடு, 288 வெள்ளி; இதைக் கட்டுவது குடியிருப்பவர். ஆக 9,288. தரகர் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவருக்கு இன்னொரு மாத வாடகை. வெள்ளிக்கு 65 ரூபாய் என்றால் தரகு இல்லாமலே ஆறு லட்சம் ரூபாய், முதல் சம்பளம் வரும் முன்பே. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இரண்டு மாதம் சின்னதாகத் தெரியும். வாடகை எவ்வளவு என்று பார்த்தால் தெரியாது.

ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வேலை போனாலோ நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தாலோ, பெரும்பாலும் ஓராண்டுக்குப் பின், இரண்டு மாத அறிவிப்போடு வீட்டைக் காலி செய்ய அது வழிவிடும். அது இல்லாவிட்டால் மீதி மாதங்களின் வாடகைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பது, சின்னப் பழுதுகளை ஒரு தொகை வரை நீங்களே பார்த்துக்கொள்வது என்பவையும் ஒப்பந்தத்தில் இருக்கும். ஏசி ஓட்டினால் மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசை ஒட்டி, நம் கணக்கில் இருபது ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம் என்று வளர்ந்த தமிழ்நாட்டுக்காரருக்கு முதல் பில் ஞாபகத்தில் நிற்கும்.

சாப்பாடும் சில்லறையும்

இதை அதிகம் பேச வேண்டியதில்லை. உணவங்காடி நிலையத்தில் ஐந்தாறு வெள்ளிக்கு வயிறு நிறையும். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தை, சிராங்கூன் சாலைக் கடைகள், முஸ்தபா என்று கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். 1947 முதல் இருக்கும் கோமள விலாசில் தோசையும் கிடைக்கும். நாட்டின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. ஆகவே மாம்பழக் காலத்தில் மாம்பழம் மலிவு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பொருள் சேவை வரி 2023இல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகி, 2024இல் 9 ஆனது. குளிர்சாதன உணவகத்தில் பட்டியல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி தெரிந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதன் மேல் வரி 9 விழுக்காடு. நூறு வெள்ளிச் சாப்பாடு கிட்டத்தட்ட 120 ஆகும். வீட்டில் சமைத்து, வாரம் ஒருநாள் வெளியே சாப்பிடும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் பகுதியில் பெரிய அதிர்ச்சி வராது.

புதிதாகப் போனவர்கள் முதல் சில மாதங்கள் ஒவ்வொரு தேநீரையும் 65ஆல் பெருக்கி, குடிக்காமலே திரும்புவார்கள். பிறகு பெருக்குவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே தவறான கணக்கு என்பேன். தேநீரில் பிடிக்கும் மிச்சத்தால் வாடகையில் ஒன்றும் ஆகப் போவதில்லை.

மனைவியின் சம்பளம்

எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத, ஆனால் பல வீடுகளில் வாடகைக்கு அடுத்தபடியான செலவு இது. அப்படிச் செலவு என்று எழுதியே யாரும் பார்ப்பதில்லை. சென்னையிலோ கோவையிலோ இரண்டு பேரும் சம்பாதித்துக்கொண்டிருந்த குடும்பம் அது. சிங்கப்பூருக்குப் போகும்போது ஒருவருக்கு ஈபி, மற்றவருக்குச் சார்ந்தோர் அட்டை. முன்பு சார்ந்தோர் அட்டையில் இருப்பவர், நிறுவனம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் வேலை பார்க்கலாம். 2021 மே மாதத்திலிருந்து அது நின்றுவிட்டது. வேலைக்குப் போக வேண்டுமென்றால் அவருக்கும் சொந்தமாக ஒரு வேலை அனுமதி வேண்டும், அதற்கான சம்பள வரம்பு, நிறுவனத்தின் ஒதுக்கீடு எல்லாவற்றையும் தாண்டி. ஆசிரியையாகவோ வங்கி ஊழியராகவோ இருந்தவருக்கு 5,600 வெள்ளி சம்பளத்தில் முதல் வேலை கிடைப்பது எளிதல்ல.

ஆக, நாலரை லட்சம் ரூபாய் என்று பெருக்கியபோது, ஊரில் அவர் வாங்கிய எண்பதாயிரத்தை யாரும் கழிக்கவில்லை. அவருடைய வேலை அனுபவத்தில் விழும் இடைவெளியை எந்த நாணயத்திலும் எழுத முடியாது. நான் பார்த்த வரையில், இரண்டாண்டில் திரும்பிவிடும் குடும்பங்கள் பணம் போதாமல் திரும்புவதைவிட இந்தக் காரணத்துக்காகத் திரும்புவதே அதிகம்.

இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டால் வேறு கேள்வி: பிள்ளையை யார் பார்ப்பது? ஊரில் பாட்டி பார்த்துக்கொள்வார். அங்கே பாட்டியை வைத்துக்கொள்ளச் சம்பளம் 12,000 வேண்டும். பணிப்பெண் அமர்த்தலாம். சம்பளம் போக அரசுக்கு மாதத் தீர்வை உண்டு. சிறு பிள்ளையோ முதியவரோ இருக்கும் குடிமக்கள் குடும்பத்துக்கு 60 வெள்ளி, ஈபிக்காரருக்கு 300. பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் விடலாம். அரசு மானியம் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும். மற்றவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், முழுநாள் என்றால் தனியார் நிலையங்களில் மாதம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். கல்வி அமைச்சு நடத்தும் பாலர் பள்ளிகளில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே சேரலாம்.

பள்ளி வயது வந்தால் இரண்டு விலை இன்னும் பச்சையாகத் தெரியும். அரசுத் தொடக்கப்பள்ளியில் குடிமகனின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை, சில்லறைக் கட்டணம் மட்டும். நிரந்தரவாசிக்குக் கட்டணம் உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் நாட்டவருக்கு அதைவிடக் கூடுதல். இந்தியா ஆசியானில் இல்லை என்பதால் நம் பிள்ளைகள் கடைசிப் படியில். தொடக்கப்பள்ளியிலேயே மாதம் பல நூறு வெள்ளி, உயர்நிலைப் பள்ளியில் ஆயிரத்துக்கு மேல். கட்டணம் கட்டத் தயாராக இருந்தாலும் இடம் நிச்சயமில்லை. முதல் வகுப்பில் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோரும் சேர்ந்த பிறகே வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை. நடு வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிடைத்துவிட்டால் பெரிய லாபம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் தாய்மொழிப் பாடமாகத் தமிழையே படிக்கலாம். கிடைக்காவிட்டால் சிபிஎஸ்இ கற்பிக்கும் தனியார் இந்தியப் பள்ளி. ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

மருத்துவத்திலும் அதே படிக்கட்டுதான். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), அரசு மருத்துவமனை எதிலும் வெளிநாட்டவருக்கு மானியம் இல்லை. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியருக்கு முதலாளி கட்டாயம் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. ஈபிக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நல்ல நிறுவனம் எடுத்துக் கொடுக்கும், ஆனால் குடும்பத்துக்கும் சேர்த்தா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம் என்பது பாதி உண்மைதான். மீதி, மருத்துவமனைச் செலவு. அங்கே பிறப்பதால் பிள்ளைக்குக் குடியுரிமையும் கிடைக்காது. வேலை பார்க்கும் தாய்க்கு, பிள்ளை குடிமகனாக இருந்தால் 16 வாரச் சம்பள விடுப்பு. இல்லையென்றால் 12 வாரம், அதில் சம்பளம் உறுதியாவது 8 வாரத்துக்கு.

ஒரே சம்பளம், இரண்டு வீடு

இப்போது 7,000 வெள்ளியைப் பிரித்துப் பார்க்கலாம். எல்லாம் தோராயமான எண்கள்தான்.

தனி ஆள், வீவக வீட்டில் ஓர் அறை: வாடகை 1,000. சாப்பாடு 600. ரயில், பஸ், கைபேசி 150. வருமான வரிக்கு ஒதுக்குவது 310. துணிமணி, படம், நண்பர்கள் என்று 300. மொத்தம் 2,400க்குள். மாதம் 4,600 வெள்ளி மிச்சம். ஊரில் பெருக்கிய கணக்கு இவரிடம் ஓரளவு பலிக்கும்.

அதே சம்பளம், கணவன், மனைவி, நான்கு வயதுப் பிள்ளை: வாடகை 3,000. மின்சாரம், தண்ணீர், இணையம், கைபேசிகள் 300. மளிகையும் சாப்பாடும் 1,000. போக்குவரத்து 250. பிள்ளையின் பாலர் பள்ளி 900. குடும்பத்துக்கான காப்பீடு 200. வரி 300. கூட்டினால் 5,950. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். அதிலிருந்து தீபாவளிக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ ஊருக்கு வர மூன்று டிக்கெட் எடுக்க வேண்டும். சென்னை, திருச்சி, கோவை எல்லாவற்றுக்கும் நேரடி விமானம் உண்டு, நாலு மணிநேரப் பயணம்தான். எல்லோரும் ஒரே வாரத்தில் கிளம்புவதால் கட்டணம் அந்த வாரத்தில் ஏறிவிடும்.

ஊருக்கு அனுப்புவது என்ற வரி இன்னும் வரவில்லை. படிப்புக் கடன், வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், கோயில் நன்கொடை. ‘சிங்கப்பூரில் இருக்கே, உனக்கென்ன’ என்று கேட்கிறவருக்கு மேலே உள்ள 5,950ஐ விளக்க முடியாது. அனுப்புவது இப்போது எளிது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்துவிட்டார்கள். எளிதானதால் மறுக்கும் சாக்கு ஒன்று குறைந்ததுதான் மிச்சம்.

பிடித்தம் இல்லாத சம்பளம்

முதல் மாதச் சம்பளம் முழுதாக வங்கியில் விழும்போது கிடைக்கும் மகிழ்ச்சியில் கொஞ்சம் எச்சரிக்கை கலக்க வேண்டும். அங்கே மாதாமாதம் வரி பிடிப்பதில்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டு கணக்குக் காட்டி, அதற்குப் பின் கட்ட வேண்டும். வட்டியில்லாமல் பன்னிரண்டு தவணையிலும் கட்டலாம். வரி குறைவுதான். ஆண்டுக்கு 84,000 வெள்ளி வாங்குபவர், அங்கே வரி நோக்கில் உள்ளூர்வாசியாகக் கருதப்பட்டால், அடிப்படைக் கழிவு போக ஏறத்தாழ 3,700 கட்டுவார், வருமானத்தில் நாலரை விழுக்காட்டுக்கும் குறைவு. குறைவு என்பதாலேயே ஒதுக்கி வைக்க மறந்துவிடுகிறார்கள்.

கிளம்பும் தேதியிலும் பணம் இருக்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் இந்திய வரிச்சட்டத்தின் கண்ணில் உள்ளூர்வாசி. ஆகஸ்டில் போகிறவருக்குச் சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. நவம்பரில் போகிறவர் மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். இரட்டை வரி ஒப்பந்தத்தால் அங்கே கட்டியது கழியும், ஆனால் நாலு விழுக்காடு எங்கே, நம் மேல் அடுக்கு 30 விழுக்காடு எங்கே! சேரும் தேதியைச் செப்டம்பர் இறுதிக்கு முன் வைக்க முடியுமா என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது ஓய்வுக்காலம். உள்ளூர் ஊழியர் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேம நிதிக்குப் போகும், முதலாளி 17 விழுக்காடு போடுவார் (55 வயது வரை, குறிப்பிட்ட உச்சவரம்புக்குள்). ஈபிக்காரருக்கு இரண்டும் இல்லை. ஊரில் வேலை பார்த்தபோது பி.எஃப். என்று இரு பக்கமும் சேர்ந்துகொண்டிருந்தது இப்போது நின்றுவிட்டது. ஆக 7,000 முழுவதும் கைச்செலவுக்கு அல்ல. ஓய்வுக்காலத்துக்கான பங்கும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

நிரந்தரவாசியானால் இந்தக் கணக்கு திரும்பும். சேம நிதிப் பிடித்தம் முதல் இரண்டாண்டு குறைவாகத் தொடங்கி மூன்றாம் ஆண்டில் முழு அளவுக்கு வரும். கைக்கு வரும் சம்பளம் குறையும், கணக்கில் சேரும். சேர்ந்தே நிரந்தரவாசியாகும் மனைவி தனி அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகலாம். பள்ளிக் கட்டணம் ஒரு படி இறங்கும். வீடு வாங்க வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 விழுக்காடு. நிரந்தரவாசியின் முதல் வீட்டுக்கு 5. மூன்றாண்டு கழித்து வீவகவின் மறுவிற்பனை வீட்டையும் வாங்கலாம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: பெற்றோரோடு நிரந்தரவாசியாகும் மகன், வயது வந்ததும் இரண்டாண்டு தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைப்பணி, செய்ய வேண்டும். மகன் இருக்கும் வீடுகளில் விண்ணப்பப் படிவம் பல மாதம் மேசையிலேயே கிடப்பதற்கு இதுதான் காரணம். விண்ணப்பித்தால் கிடைத்துவிடும் என்பதும் இல்லை.

கிளம்பும் செலவு

போகிற செலவைப் போட்டுப் பார்க்கிறவர்கள் வருகிற செலவைப் போடுவதில்லை. ஈபி வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அனுமதி ரத்தாகும்; பொதுவாக 30 நாள் தங்க இடம் கொடுப்பார்கள். அதற்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். வேலையை விடும் வெளிநாட்டவரின் வரிக் கணக்கை முடித்துக்கொடுப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை. அதனால் கடைசிச் சம்பளத்தை வரித்துறை சரி என்று சொல்லும் வரை நிறுவனம் பிடித்து வைக்கும். பணம் மிக அவசியமாக இருக்கும் அந்த மாதத்தில்தான் சம்பளம் கைக்கு வராது. வீட்டுக்காரரிடம் இருக்கும் 6,000 வெள்ளி, சுவரில் ஆணி அடித்த ஓட்டை, மெத்தைக் கறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாக வரும்; சில நேரம் முழுதாக வராது. உள்ளே நுழைந்த அன்றே வீட்டை அறை அறையாகப் படம் எடுத்து வீட்டு முகவருக்கு அனுப்பி வைத்தவர்களுக்குப் பேச ஏதாவது இருக்கும்.

இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பதினெட்டாம் மாதம் வேலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமேட்டிக் பிரிவின்படி இரண்டு மாத வாடகை 6,000. சாமான்களைக் கப்பலில் அனுப்புவது, பாதி ஆண்டில் பிள்ளையைச் சென்னைப் பள்ளியில் சேர்ப்பது, மூன்று டிக்கெட், அடுத்த வேலை கிடைக்கும் வரை ஊரில் சாப்பாடு. ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். மாதம் ஆயிரம் மிச்சம் பிடிக்கும் குடும்பத்துக்கு, 5,950ஐ ஆறால் பெருக்கிச் சேர்க்க மூன்றாண்டு ஆகும், இடையில் ஒருமுறைகூட ஊருக்கு வராமல் இருந்தால். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், திரும்பும் விமானக் கட்டணம் யாருடையது, அறிவிப்புக் காலம் ஒரு மாதமா மூன்று மாதமா என்ற இரண்டு கேள்விகளையாவது எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் முகம் சுளிக்கும் நிறுவனங்கள்கூட அறிவிப்புக் காலத்தைப் பற்றிப் பேசத் தயாராகவே இருக்கின்றன.